ஃப்ளூ காய்ச்சலும் தடுப்பூசியும்: ஜமாஅத்தார் கவனத்திற்குச் சில செய்திகள்

(நமது ஜமாஅத்தின் வருடாந்திரப் பொதுக்குழுக் கூட்டத்தில், நிர்வாகக் குழுவின் மருத்துவ உதவிப் பிரிவு சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டு, மையவாடிச் சுற்றுச்சுவர் பற்றிய விவாதமும் நிறைவுற்ற பிறகு எங்களுக்குப் பேச வாய்ப்பளிக்கப்பட்டுள்ளது. நேரம் அதிகமாகி விட்டதை அறிவோம். ஆயினும் இவ்வாண்டு அறிக்கையில் இடம்பெறாத ஒரு செய்தியை உங்கள் முன் வைக்காமல் அமர எங்கள் மனம் இடம் தரவில்லை.

ஹஜ் பயணத்தை நிறைவு செய்து ஊர் திரும்பும் ஹாஜிகளை நாம் எவ்வாறு வரவேற்கிறோம் என்பதை இங்குள்ள அனைவரும் அறிவோம். வாகனம் தெருவுக்குள் நுழையும் முன்பே சொந்தபந்தங்கள் கூடி விடுகின்றனர். கைகொடுத்து, கட்டித்தழுவி, துஆ செய்யச் சொல்லி, ஜம்ஜம் நீரும் பேரீச்சம்பழமும் பெற்றுச் செல்வது நமது ஊரின் அழகிய வழக்கம். படுக்கையிலிருக்கும் பெரியவர்களிடம் ஹாஜியே நேரில் சென்று, அருகில் அமர்ந்து நலம் விசாரிப்பதும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நமது முஹல்லாவில் இவ்வாறு திரும்பி வந்த ஒரு தம்பதியர் கடுமையான இருமலுடன் வந்தனர். "ஹஜ்ஜுக்குப் போய் வந்தால் இருமல் இல்லாமலா?" என்று அனைவரும் சிரித்தபடியே கூறினர், நாங்களும் கூறினோம். நான்கு நாட்களில் அவ்வீட்டிலிருந்த எண்பது வயதைக் கடந்த தாயாருக்குக் காய்ச்சல் கண்டது. பட்டுக்கோட்டைக்கும் அங்கிருந்து தஞ்சாவூருக்கும் கொண்டு சென்றனர். நுரையீரலில் சளி கட்டி விட்டதாக மருத்துவர்கள் கூறினர். பத்தாம் நாள் அந்தத் தாயாரின் ஜனாஸாவை நாம்தான் சுமந்து சென்றோம்.

மௌத்து அல்லாஹ்வின் நாட்டப்படி, குறித்த நேரத்தில் வருவது. இதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. அந்தத் தாயாருக்கு எந்தக் கிருமியால் காய்ச்சல் வந்தது என்ற சோதனையும் செய்யப்படவில்லை. ஆகவே ஃப்ளூதான் என்று உறுதியாகக் கூற எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் ஒன்றை மட்டும் மறுக்க முடியவில்லை. அவ்வாண்டு ஹாஜிகளை வழியனுப்ப நாம் கூட்டம் நடத்தினோம். இஹ்ராம் அணிவது முதல் கல்லெறிவது வரை விளக்கம் அளித்தோம். பெட்டிகளுக்கு அடையாளத் துணி கட்டுவது பற்றிக்கூடப் பேசினோம். ஃப்ளூ தடுப்பூசி பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அந்தக் குறையை நீக்கவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

சளியும் ஃப்ளூவும் ஒன்றல்ல

நமது ஊரில் மூக்கு ஒழுகினாலும் ஃப்ளூ என்கிறோம். உடம்பு முறித்துப் போடும் காய்ச்சலையும் ஃப்ளூ என்கிறோம். சாதாரண ஜலதோஷம் மெல்ல வந்து மெல்லப் போகும். இன்ஃப்ளூயன்ஸா என்னும் ஃப்ளூ, காலையில் நன்றாக இருந்தவரை மாலையில் படுக்க வைத்து விடும். கடுங்காய்ச்சல், தசைவலி, தலைவலி, வறட்டு இருமல், எழுந்து நடக்க இயலாத சோர்வு ஆகியவை ஒருசேர வரும். திடகாத்திரமான இளைஞர் ஒரு வாரத்தில் எழுந்து விடுவார். முதியோர், சர்க்கரை நோயாளிகள், இருதயம், சிறுநீரகம், ஆஸ்துமா நோயுள்ளோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் ஆகியோருக்கு அது நுரையீரல் வரை இறங்கி நிமோனியாவாக மாறக்கூடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஒவ்வோர் ஆண்டும் சுமார் 100 கோடிப் பேருக்கு இந்நோய் வருகிறது. அவர்களுள் 30 முதல் 50 லட்சம் பேருக்குக் கடுமையாகிறது. சுவாசக் கோளாறுகளால் மட்டும் 2 லட்சத்து 90 ஆயிரம் முதல் 6 லட்சத்து 50 ஆயிரம் பேர் வரை இறக்கின்றனர். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடத்தப்பட்டு 2018ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, ஃப்ளூ உறுதி செய்யப்பட்ட முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு உயர்வதாகக் கண்டறிந்தது. சர்க்கரையும் இருதய நோயும் இல்லாத வீடு நமது தெருக்களில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். "வெறும் காய்ச்சல்தானே" என்று நாம் கூறும் சொல் எவ்வளவு தவறானது என்பது விளங்கும்.

கப்பலில் வந்த நோய்

1918ஆம் ஆண்டு, முதல் உலகப் போரின் இறுதிக் காலத்தில், பம்பாய்த் துறைமுகம் வழியாக இந்நோய் நம் நாட்டிற்குள் நுழைந்தது. ஜூன் மாதம் தொடங்கிய முதல் அலை ஓரளவு மிதமாக இருந்தது. செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலை இரயில் பாதைகள் வழியே நாடெங்கும் பரவிக் குடும்பம் குடும்பமாக மக்களைக் கொண்டு சென்றது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். நமது நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில், மக்கள்தொகை கூடாமல் குறைந்த ஒரே பத்தாண்டு 1911 முதல் 1921 வரையிலான காலமே. அன்று தடுப்பூசி இல்லை. நோய்க்குக் காரணம் எது என்பதும் தெரியாது. மனிதரிடமிருந்து ஃப்ளூ வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்தது லண்டன் நகர ஆய்வுக்கூடத்தில், 1933ஆம் ஆண்டில்.

2009ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நாமே கண்டோம். ஹெச்1என்1 என்னும் புதிய வகை மே மாதத்தில் ஐதராபாத்தில் கண்டறியப்பட்டது. ஆகஸ்ட் 3 அன்று புனே நகரில் முதல் மரணம் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஹஜ் நவம்பர் இறுதியில் வந்தது. ஜூலை மாதம் கெய்ரோவில் கூடிய அரபு நாடுகளின் சுகாதார அமைச்சர்கள், 65 வயதைக் கடந்தோர், 12 வயதுக்குட்பட்டோர், கர்ப்பிணிகள், நாட்பட்ட நோயுடையோர் ஆகியோர் அவ்வாண்டு பயணத்தைத் தவிர்க்க வேண்டும் என்று முடிவு செய்தனர். எத்தனையோ ஆண்டுகள் பணம் சேர்த்துக் காத்திருந்த பெரியவர்களுக்கு அச்செய்தி எத்தகைய வேதனையைத் தந்திருக்கும் என்று கூறத் தேவையில்லை.

அந்நோய்க்குப் "பன்றிக் காய்ச்சல்" என்று பெயர் வழங்கியதால் நம்மவர் சிலர் கூச்சப்பட்டு, காய்ச்சலை மறைத்துக் கொண்டு வீட்டிலேயே கிடந்ததையும் கண்டோம். பன்றி இறைச்சியை உண்பதற்கும் அந்நோய்க்கும் தொடர்பு கிடையாது. அது மனிதரின் இருமல், தும்மல் வழியே மனிதருக்குத் தொற்றும் நோய். அந்த வகை இன்று ஆண்டுதோறும் வந்து போகும் ஃப்ளூவாகவே நிலைத்து விட்டது. அரசுக் கணக்கின்படி 2015ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 42 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அது உறுதி செய்யப்பட்டு, சுமார் 2,990 பேர் இறந்தனர். 2023ஆம் ஆண்டு மார்ச்சில் ஹெச்3என்2 என்னும் மற்றொரு வகை பரவியபோது தமிழக அரசு மாநிலமெங்கும் காய்ச்சல் முகாம்களை நடத்தியது. நமக்கு அருகிலுள்ள காரைக்காலை உள்ளடக்கிய புதுச்சேரி அரசோ எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளுக்குப் பத்து நாட்களுக்கு மேல் விடுமுறை அளித்தது.

ஆண்டுதோறும் ஏன் போட வேண்டும்?

"அம்மை ஊசி ஒருமுறை போட்டோம், போதும், இதை மட்டும் ஏன் ஆண்டுதோறும் போடச் சொல்கிறார்கள்? மருந்துக் கம்பெனிகளின் வியாபாரமா?" என்று ஒரு காக்கா எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். இதற்கான விடை அந்த ஊசியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களுக்காக தாமஸ் பிரான்சிஸ் என்பவரும், பின்னாளில் போலியோ தடுப்பூசியால் புகழ்பெற்ற ஜோனாஸ் சால்க் என்பவரும் ஃப்ளூ தடுப்பூசியை உருவாக்கினர். 1945இல் படைவீரர்களுக்கும், அடுத்த ஆண்டு பொதுமக்களுக்கும் அது வழங்கப்பட்டது. 1947இல் அதே ஊசி பயனற்றுப் போயிற்று. ஆராய்ந்து பார்த்ததில், வைரஸ் தன் மேலுறையை மாற்றிக்கொண்டு விட்டது தெரிய வந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு வந்த திருடனைக் காவலாளி அடையாளம் காணாததைப் போல, முந்தைய ஊசி பழக்கிய உடலின் எதிர்ப்பு சக்தி புதிய உருவத்தை அறியவில்லை.

இதனால் 1952ஆம் ஆண்டு முதல் உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளின் ஆய்வுக்கூடங்களை இணைத்துக் கண்காணித்து வருகிறது. நமது நாட்டில் புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் அப்பணியில் பங்கு பெறுகிறது. எந்த வகைகள் பரவுகின்றன என்று பார்த்து, பிப்ரவரியில் வட கோளத்திற்கும் செப்டம்பரில் தென் கோளத்திற்கும் ஊசியில் சேர்க்க வேண்டிய வகைகளை ஆண்டுதோறும் அறிவிக்கின்றனர். வைரஸ் மாறுவது ஒரு காரணம் என்றால், ஊசி தரும் பாதுகாப்பு சில மாதங்களில் படிப்படியாகக் குறைவது இரண்டாவது காரணம். ஆகவேதான் ஆண்டுக்கு ஒருமுறை. கொரோனா ஊசி போட்டுக் கொண்டவருக்கும் இது தேவையே. அது வேறு கிருமி, இது வேறு கிருமி.

ஊசி போட்டால் ஃப்ளூ வரவே வராது என்று நாங்கள் கூறவில்லை. பரவும் வகையும் ஊசியிலுள்ள வகையும் நன்கு பொருந்தும் ஆண்டுகளில், மருத்துவரை நாட வேண்டிய அளவுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பு 40 முதல் 60 விழுக்காடு வரை குறைகிறது. முதியோரிடம் இப்பலன் சற்றுக் குறைவே. ஆனால் வந்தாலும் கடுமையாகாமல், மருத்துவமனையில் சேர்க்கும் நிலைக்குச் செல்லாமல் காப்பதில் அது உதவுகிறது. பெரியவர்களுக்கு ஊசியின் பலன் குறைவு என்பதாலேயே, அவர்களைச் சுற்றியிருப்போரும் போட்டுக்கொள்வது அவசியமாகிறது. பெண்மக்களுக்கு வீடு கொடுத்து, உம்மாவும் மகளும் பேரப்பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் வாழும் ஊர் நமது ஊர். பள்ளிக்கூடத்திலிருந்து பேரன் கொண்டுவரும் காய்ச்சல் அன்றிரவே பெரியவரின் கட்டிலுக்குச் சென்று விடுகிறது. மகனும் மருமகனும் போட்டுக்கொள்ளும் ஊசி அந்தக் கட்டிலுக்கும் காவலாகிறது.

எப்போது, யார், எப்படி?

வட இந்தியாவின் பல பகுதிகளில் ஆடி, ஆவணி மழைக்காலத்தில் ஃப்ளூ உச்சத்தை அடைகிறது. சென்னை, வேலூர் ஆகிய இடங்களில் நடந்த ஆய்வுகள், இங்கு வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அது மிகுவதைக் காட்டுகின்றன. நமது டெல்டாப் பகுதிக்கும் அதே மழைதான். ஊசி போட்டு உடலில் எதிர்ப்பு சக்தி உருவாக இரண்டு வாரங்கள் ஆகும். எனவே ஐப்பசி அடைமழை தொடங்கும் முன், செப்டம்பர் மாதத்திலேயே போட்டுக்கொள்வது நல்லது.

ஹஜ் செல்வோர் புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன் போட்டிருக்க வேண்டும். ஹாஜிகளுக்கான முகாம்களில் போடப்படும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயமானது. போலியோ சொட்டு மருந்தும் தரப்படுகிறது. ஃப்ளூ ஊசி வயதானோருக்கும் நோயுடையோருக்குமே முன்னுரிமையாகத் தரப்படுவதால், மற்றவர்கள் கேட்டுப் பெற வேண்டும். அல்லது தாமே போட்டுக்கொள்ள வேண்டும். மழைக்கு முன் ஊசி போட்டவரும், ஹஜ் பல மாதங்கள் கழித்து வருமாயின், புதிய ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். நமது ஊரிலிருந்து ஆண்டு முழுவதும் தனியார் குழுக்கள் வழியே உம்ரா செல்வோர் ஏராளம். அவர்களிடம் இதைப் பற்றிப் பேச யாருமில்லை. ஆகவே அவர்களுக்கு இதைத் தனியாக வலியுறுத்துகிறோம்.

வளைகுடா நாடுகளில் குளிர்காலமே ஃப்ளூ காலம். அந்நாடுகளின் சுகாதாரத் துறைகள் குளிர் தொடங்கும் முன் ஆண்டுதோறும் தடுப்பூசி இயக்கம் நடத்துகின்றன. ஒரே அறையில் பலர் தங்கிப் பணிபுரியும் நம் சகோதரர்கள் அங்கேயே அதைப் பெற்றுக்கொண்டு ஊருக்கு விடுப்பில் வந்தால், அது குடும்பத்துக்குக் கொண்டுவரும் நல்லதோர் அன்பளிப்பாகும்.

ஆறு மாதம் நிறைந்த குழந்தை முதல் இதைப் போடலாம். ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முதன்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை. கர்ப்பிணிகள் போட்டுக்கொண்டால், ஊசி போட இயலாத பச்சிளங்குழந்தைக்கும் தாய் வழியே பாதுகாப்புக் கிடைக்கிறது. முந்தைய ஃப்ளூ ஊசியால் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டவர்கள் போடக்கூடாது. கடுங்காய்ச்சலில் இருப்போர் குணமான பின் போடலாம். கை வலியும் ஓரிரு நாள் லேசான காய்ச்சலும் சிலருக்கு வரும். அவை தாமே போய்விடும். ஊசியில் இருப்பது உயிரற்ற வைரஸ் ஆதலால், ஊசியினாலேயே ஃப்ளூ வந்து விட்டது என்று கூறுவது சரியன்று.

அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது இன்னும் சேர்க்கப்படவில்லை. பெரும்பாலும் பணம் கொடுத்தே வாங்க வேண்டியுள்ளது. வாங்கும்போது காலாவதித் தேதியையும் எந்த ஆண்டுக்குரியது என்பதையும் பாருங்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டிய மருந்து இது. உறைந்தாலும் கெட்டு விடும். மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊரில், குளிர்ப்பெட்டியைக் கவனமாகப் பராமரிக்கும் இடத்தில் வாங்கி, பனிக்கட்டிப் பையுடன் எடுத்துச் செல்லுங்கள்.

மார்க்க ரீதியான ஐயம்

ஊசியில் பன்றியின் ஜெலட்டின் கலந்துள்ளதா என்று பலரும் கேட்கின்றனர். இங்கிலாந்து முதலிய நாடுகளில் பிள்ளைகளுக்கு மூக்கில் தெளிக்கப்படும் ஒருவகை மருந்தில் அது உண்டு. அதிலிருந்தே இப்பேச்சு பரவியது. கையில் போடப்படும் ஊசி வகை வேறு. பொதுவாகக் கோழி முட்டையில் வளர்த்துச் செயலிழக்கச் செய்த வைரஸைக் கொண்டு அது செய்யப்படுகிறது. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஜெலட்டின் கிடையாது. பெட்டிக்குள் இருக்கும் தாளில் சேர்மானங்கள் அச்சிடப்பட்டிருக்கும். படித்துப் பார்த்து, ஐயமிருப்பின் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஹாஜிகளுக்கு இவ்வூசியைப் பரிந்துரைப்பது சவூதி அரேபியாவின் சுகாதார அமைச்சகமே என்பதையும் நினைவில் கொள்க.

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்ல வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை ஆலிம்கள் நமக்கு அடிக்கடி எடுத்துரைக்கின்றனர். தன்னிடமுள்ள நோய் பிறருக்குச் சென்று விடக்கூடாது என்ற கவலை அதில் அடங்கியிருக்கிறது. தவக்குல் வைப்பவர் முன்னெச்சரிக்கையைக் கைவிட வேண்டும் என்று நம் முன்னோர் கருதியதில்லை. ஐரோப்பியர் பெரியம்மைக்கு முன்கூட்டியே மருந்தேற்றும் முறையைக் கற்றுக்கொண்ட இடங்களுள் ஒன்று இஸ்தான்புல் நகரம். 1717இல் அதைக் கண்ட ஆங்கிலத் தூதரின் மனைவி எழுதிய செய்தி இங்கிலாந்தில் அம்முறை பரவ வழிவகுத்தது.

எங்கள் வேண்டுகோள்

ஜமாஅத்தார்களே! நிர்வாகக் குழு நான்கு செய்திகளை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறது. இனி நடக்கும் ஒவ்வொரு ஹஜ், உம்ரா விளக்கக் கூட்டத்திலும் மருத்துவர் ஒருவரை அழைத்து இதுபற்றிப் பேசச் செய்வோம். ஆண்டுதோறும் செப்டம்பரில், மருத்துவர் மேற்பார்வையில், அறுபது வயதைக் கடந்தோருக்கும் நாட்பட்ட நோயுடையோருக்கும் முகாம் நடத்துவோம். வசதியற்ற பெரியவர்களின் ஊசிச் செலவை ஏற்க வசதி படைத்தோர் முன்வர வேண்டும். யார் பெற்றனர் என்ற பெயர்ப் பட்டியல் எங்கும் ஒட்டப்பட மாட்டாது. நான்காவதற்குப் பணம் தேவையில்லை: இருமலோடு திரும்பும் ஹாஜிகளைக் காணச் செல்வதை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். ஹாஜிகளும், உடல் தேறும் வரை முதியோர் அறைக்கும் தொட்டிலுக்கும் அருகில் செல்லாதிருங்கள். ஜம்ஜம் நீர் ஒரு வாரத்தில் கெட்டுப் போகாது, துஆவும் அவ்வாறே.

யாரையும் கட்டாயப்படுத்தும் எண்ணம் எங்களுக்கில்லை. உங்கள் உடல்நிலை அறிந்த மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஊசி போட்டிருந்தாலும், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, உதடு நீலமாதல், பெரியவர்களுக்கு நினைவு தடுமாறுதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் கஷாயத்தை நம்பி வீட்டில் காத்திருக்காதீர்கள். ஃப்ளூவுக்கென உள்ள மாத்திரை, நோய் தொடங்கிய இரண்டு நாட்களுக்குள் மருத்துவர் ஆலோசனைப்படி உட்கொண்டால்தான் நன்கு பலன் தரும்.

அந்தத் தாயாரின் வீட்டார் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் எவரையும் குறை கூறியதில்லை. இவ்வுரைக்கு அனுமதி கேட்டுச் சென்றபோது, "பேசுங்கள், இன்னொரு வீட்டுக்காவது உதவட்டும்" என்றே கூறினர். அல்லாஹ் அந்தத் தாயாரின் கபுரை ஒளிமயமாக்குவானாக. நமது வீட்டுப் பெரியவர்களுக்கு நீண்ட ஆயுளையும் ஆஃபியத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.